கயிறு இழுத்தவர் யார்?

தயிரைக் கடைகிறோம், மரத்தையும் கடைகிறோம். இரு வேறு தொழில்களுக்குத் தமிழ் ஒரே வினையை வழங்குவது தற்செயலன்று. மத்திலே சுற்றிய கயிற்றை மாறி மாறி இழுக்க, மத்து இடமும் வலமுமாகச் சுழலும். பழைய கடைசற் பட்டறையிலும் இதுவே நிகழ்ந்தது. மத்து நின்று சுழன்றது. மரக்கட்டை படுத்துச் சுழன்றது.

மரவை எனப்படும் மரக்கிண்ணமொன்றைக் கடையும் முறையை நோக்குவோம். வில்லால் சுழற்றும் சிறு கடைசலுக்கு ஒருவரே போதும்; ஒரு கை வில்லை அசைக்க, மறு கை உளியைப் பிடிக்கும். அகன்ற கலத்தின் உட்புறத்தைக் குடைவதற்கோ இரு கைகளும் உளிக்கே வேண்டும். ஆகவே கயிறு இழுக்க இன்னொருவர் வந்து சேர்கிறார். கட்டை தம்மை நோக்கிச் சுழலும்போது மட்டுமே கடைபவர் உளியை அழுத்துவார். எதிர்ப்புறம் சுழலும்போது சற்றே விலக்கிக்கொள்வார். பாதி நேரம் உளிக்கு ஓய்வு. கயிறு இழுப்பவருக்கோ இரு திசையிலும் வேலை. பாற்கடலைக் கடைந்த கதையிலும் வாசுகியை இழுத்தவர் இரு தரப்பார். அமுதம் உண்டவர் ஒரு தரப்பார். இக்கதையை வகுப்பிலே சொல்லும் ஆசிரியர்கள் இதனையும் சேர்த்துச் சொல்லலாம்.

எகிப்திலே பெத்தோசிரிஸ் என்னும் பூசகரின் கல்லறையில், ஏறத்தாழ கி.மு. 300 இல் செதுக்கப்பட்ட சிற்பமொன்று உண்டு. கடைசற் பொறியைக் காட்டும் மிகப் பழைய சித்திரம் அதுவே என்பர். அதில் ஒருவர் கயிற்றை இழுக்கிறார், மற்றவர் கடைகிறார். பூசகரின் பெருமைக்கென எழுந்த கல்லறை கூட அந்தக் கூலியாளை மறக்கவில்லை!

எமது நாட்டிலே இத்தொழிலாளரை ஏட்டில் ஏற்றியவர்களுள் முதன்மையானவர் ஆனந்த குமாரசுவாமி. 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுக்குத் தலைமை தாங்கிய அவர், கல்லைத் தேடிச் சென்ற கிராமங்களிலே கைவினைஞரைக் கண்டார். 1908 இல் நிறைவுற்ற அவரது மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய நூலிலே கண்டி நாட்டுக் கடைசற்காரரும் அரக்கு வேலையாளரும் இடம்பெற்றனர். சுழலும் மரத்தில் அரக்குக் கோலை அழுத்த, உராய்வின் சூட்டிலேயே அரக்கு உருகிப் படியும், தூரிகை வேண்டியதில்லை. நூல் அச்சானதோ இங்கிலாந்தில், 425 பிரதிகள் மட்டுமே. கடைசற்காரர் எவரேனும் அதனைக் கண்ணால் கண்டிருப்பாரா என்பது ஐயமே.

எமது திருநெல்வேலியின் பெயரையே தாங்கிய தமிழக மாவட்டத்திலே, அம்பாசமுத்திரம் மரச் சொப்புகளுக்குப் பேர்பெற்ற ஊர். கர்நாடகத்துச் சன்னபட்டணத்தில் வெட்பாலை மரத்தைக் கடைந்து, அரக்கேற்றி, தாழை மடலால் மெருகிடுவர். இவ்விடங்களில் கயிற்றின் வேலையை மின்மோட்டார் ஏற்றுக்கொண்டது. அது ஒரே திசையில் சுழல்வதால் உளிக்கும் இப்போது ஓய்வில்லை. இயந்திரத்தை நாம் பழிக்கவில்லை. முதுகொடிய இழுத்தவரின் பாரத்தை அது இறக்கிவைத்தது நன்றே. ஆனால் பாரம் இறங்கிய அன்றே இழுப்புக் கூலியும் பட்டறைக் கணக்கிலிருந்து நீங்கிவிட்டது. அந்த மிச்சம் எவர் பெட்டியிற் சேர்ந்தது என்பதைக் கைவினை வரலாறு எழுதப் புகும் எமது மாணவர் முதலில் தேடட்டும்.