அண்ணாமலையில் தங்க ஓர் இடம்

அத்தை மகன் இங்கிலாந்தில் ஆன்சைட்டில் இருந்தபோது, காட்ஸ்வோல்ட்ஸ் பக்கம் ஒரு கிராமத்துக் கல்வீட்டில் நான்கு நாள் தங்கினான். முந்நூறு வருஷத்து வீடு. தலை இடிக்கும் கூரை, ஒரு பக்கமாகச் சரிந்த தரை, கரி படிந்த பெரிய கணப்பு. மேஜைமேல் ஒரு தடித்த நோட்டு இருந்ததாம். தங்கிப்போனவர்கள் எல்லாரும் அதில் எழுதியிருந்தார்களாம். ஊர் திரும்பியதிலிருந்து அவனுக்கு ஒரே யோசனைதான். திருவண்ணாமலையில், திருவூடல் தெருவுக்குப் பின்னால் பூட்டிக்கிடக்கும் எங்கள் தாத்தா வீட்டையும் அப்படி ஆக்கிவிட வேண்டும். நாட்டு ஓடு, முற்றம், வாசலில் இரண்டு பக்கமும் திண்ணை. வெள்ளைக்காரன் இதைவிடப் பழசாக எதைக் கேட்கப்போகிறான்?

"மச்சான், நீ ஆன்லைன் வேலைய மட்டும் பாத்துக் குடு. மிச்சத்த நான் பாத்துக்கறேன்" என்றான்.

வார இறுதியில் உட்கார்ந்து படிவத்தை நிரப்ப ஆரம்பித்தேன். படுக்கை எத்தனை, குளியலறை எத்தனை என்பதெல்லாம் சுலபம். இரண்டு கட்டங்களில் மாட்டிக்கொண்டேன். ஒன்று, 'வீட்டின் வரலாறு, 500 எழுத்துகளுக்குள்.' இன்னொன்று, 'ஓர் இரவுக்கான கட்டணம்.' சோதித்துப் பார்க்கலாம் என்று அதில் பூஜ்யம் போட்டேன். சிவப்பு எழுத்தில் பிழை காட்டியது. நான் எழுதியிருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன். ஆனால் இந்த ஊரில் தங்குவதற்கு அந்தப் பூஜ்யம்தான் வெகுகாலம் விலையாக இருந்தது என்பது அப்போது உறைத்தது.

அத்தை மகன் பார்த்துவந்த ஏற்பாடு இங்கிலாந்தில் நன்றாக வேரூன்றிய ஒன்று. 1965-ல் ஜான் ஸ்மித் என்பவரும் அவர் மனைவியும் லேண்ட்மார்க் டிரஸ்ட் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். இடிந்துகொண்டிருக்கும் பழைய கட்டடங்களை எடுத்துப் பழுதுபார்த்து, விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுவது அவர்கள் வழி. அந்த வாடகை பராமரிப்புக்குப் போகிறது. அங்கேயும் தொலைக்காட்சி கிடையாது. நோட்டுப் புத்தகம் உண்டு. பழைய கட்டடத்தைக் கண்ணாடிக்குப் பின்னால் வைக்காமல், அதற்குள் மனிதர்களைச் சமைக்கவும் தூங்கவும் விட்டுக் காப்பாற்றும் முறை இது. எனக்கு இதில் எந்தக் குறையும் தெரியவில்லை. கூரையை மாற்றப் பணம் வேண்டும். பணம் எங்கிருந்தாவது வரத்தான் வேண்டும்.

நம் பக்கத்தில் அந்தப் பணம் வேறு திசையிலிருந்து வந்தது. யாத்திரை போகும் வழியெல்லாம் அரசர்களும் வணிகர்களும் சத்திரம் கட்டினார்கள். இரண்டாம் சரபோஜி ஒரத்தநாட்டில் கட்டிய முக்தாம்பாள் சத்திரம் ஓர் உதாரணம். நாட்டுக்கோட்டை நகரத்தார் காசி வரைக்கும் விடுதிகள் வைத்தார்கள். கட்டியவர் நிலத்தை எழுதிவைப்பார், நிலத்தின் வருமானத்தில் அடுப்பு எரியும். தங்குகிறவர் எதுவும் கொடுக்க வேண்டியதில்லை. தங்க இடம் கொடுப்பது அறக்கணக்கில் சேர்ந்தது.

அந்த அறத்துக்கும் கதவு உண்டு. அது சாத்திக்கொள்ளவும் செய்யும். இதற்கு நாம் அறிந்த மிகப் பெரிய சாட்சி பதினாறு வயதுப் பையன் ஒருவன்.

1896 ஆகஸ்ட் கடைசியில் மதுரையிலிருந்து யாருக்கும் சொல்லாமல் கிளம்பிய வேங்கடராமன், விழுப்புரத்திலிருந்து மாம்பழப்பட்டு வரைக்கும் ரயிலில் போகத்தான் கையில் காசு வைத்திருந்தான். அதற்கப்பால் நடை. சாயங்காலம் அரகண்டநல்லூர் கோயிலில் போய் உட்கார்ந்தான். பூசை முடிந்ததும் கோயிலைப் பூட்ட வேண்டும், இங்கே தங்கக் கூடாது என்று வெளியே அனுப்பினார்கள். ஆற்றைத் தாண்டி கீழூர் வீரட்டேஸ்வரர் கோயில். அங்கேயும் பூட்டு. மறுநாள் கோகுலாஷ்டமி. முத்துகிருஷ்ண பாகவதர் வீட்டில் சோறு கிடைத்தது. காதுக் கடுக்கனை அவரிடம் நான்கு ரூபாய்க்கு அடகு வைத்துவிட்டு, ரயில் நிலையத்தில் ராத்திரியைக் கழித்து, செப்டம்பர் 1 காலை திருவண்ணாமலையில் இறங்கினான். பிறகு ஐம்பத்து மூன்று வருஷம் ஊரைவிட்டுப் போகவில்லை.

பின்னாளில் ரமண மகரிஷி என்று அறியப்பட்ட அவருடைய வாழ்க்கையை, தங்கிய இடங்களின் பட்டியலாகவே சொல்லிவிடலாம். ஆயிரங்கால் மண்டபம், அதன் அடியில் பாதாள லிங்கம், குருமூர்த்தம், மாந்தோப்பு, 1899 முதல் 1916 வரை விரூபாட்ச குகை, பிறகு 1922 வரை ஸ்கந்தாசிரமம். எதுவும் அவருடையது இல்லை. எதற்கும் வாடகை கொடுத்ததும் இல்லை.

விரூபாட்ச குகையில் ஒரு சம்பவம் நடந்தது. குகை ஒரு மடத்துக்குச் சொந்தம். கார்த்திகை தீபத்துக்குக் கூட்டம் ஏறும்போது மடத்துக்காரர்கள் வருகிறவர்களிடம் காசு வசூலிப்பார்கள். உள்ளே இளம் சாமியார் இருக்கிறார் என்பதால் கூட்டம் கூடியது, வசூலும் கூடியது. தன்னைப் பார்க்க வருகிறவர்கள் காசு கொடுத்து வருவது அவருக்கு ஒப்பவில்லை. வாதாடவில்லை. எழுந்து வெளியே போய் ஒரு மரத்தடியில் உட்கார்ந்தார். வசூல் செய்தவர்கள் வெளிவாசலுக்கு நகர்ந்தார்கள். இவர் வேறு குகைக்குப் போனார். அவர் இல்லாத குகைக்கு யார் காசு கொடுப்பார்கள்? கடைசியில் மடம் வசூலை விட்டது, அவர் திரும்பி வந்தார்.

தாயார் 1922-ல் மறைந்து, அவர் சமாதியைச் சுற்றி அடிவாரத்தில் ஆசிரமம் முளைத்தபோது அங்கிருந்தது கூரைக் கொட்டகைதான். 1924 ஜூன் 26 இரவு திருடர்கள் வந்தார்கள். ஜன்னலை உடைத்தார்கள். 'நாங்கள் வெளியே போய்விடுகிறோம், நீங்கள் உள்ளே வந்து வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்' என்று ரமணர் சொன்னார். வெளியே வந்தவர்களை அடித்தார்கள், அவர் தொடையிலும் ஓர் அடி விழுந்தது. போதாது என்றால் மறு காலிலும் அடியுங்கள் என்றார். திருடர்கள் அரிக்கேன் விளக்குக் கேட்டார்கள், விளக்கும் கொடுக்கப்பட்டது. தான் படுத்திருந்த இடத்தை எந்த நேரமும் காலிசெய்யத் தயாராக இருந்தவரின் ஆசிரமம் அது.

அப்படிப்பட்ட இடத்துக்கு 1935 நவம்பரில் ஓர் ஆங்கிலேயர் வந்து, தனக்கென்று ஒரு வீடு கட்டிக்கொண்டார்.

மேஜர் ஏ. டபிள்யூ. சாட்விக் பிரிட்டிஷ் ராணுவத்தில் இருந்தவர். பால் பிரண்டன் ரமணரைப் பற்றி எழுதிய புத்தகம் 1934-ல் வந்தது, அதைப் படித்துவிட்டுப் புறப்பட்டார். பார்த்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு, அவர் போகவில்லை. ஆசிரம வளாகத்துக்குள்ளேயே தனக்கு ஓர் அறை கட்டிக்கொள்ள அனுமதி கேட்டார், கிடைத்தது. ஆசிரம நிர்வாகம் அப்போது ரமணரின் தம்பி சின்னசாமியின் கையில். சாட்விக்குக்கு முன்னால் எந்த வெளிநாட்டுக்காரரும் உள்ளே வீடு கட்டியதில்லை. பின்னர் சாது அருணாசலா என்ற பெயரில் அறியப்பட்டார். 1962-ல் இறக்கும் வரை அதுதான் அவர் ஊர். ரமணர் 1950-ல் மறைந்த பிறகு பலர் கலைந்தார்கள். அவர் இருந்தார். தாயார் சந்நிதியில் ஸ்ரீசக்கர பூசை மறுபடி நடக்கக் காரணமானவர்களில் அவரும் ஒருவர்.

இங்கிலாந்து கிராமத்துக் குடில் ஒன்று நம் மண்ணில் நின்றதென்றால் அதுதான் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த வீட்டின் கணக்கு வேறு. கட்டியவர் அவர், மண் ஆசிரமத்தினுடையது. மனிதர் தன் ஆயுளுக்குத் தங்க, தன் பணத்தில் ஒரு சத்திரம் கட்டிக்கொண்ட மாதிரி.

அந்த அறைக்கு உலக இலக்கியத்திலும் ஒரு மூலை கிடைத்தது. 1938-ல் சாமர்செட் மாம் சென்னையிலிருந்து காரில் வந்தார். ரமணரைப் பார்க்கக் கூடத்துக்குப் போவதற்கு முன்பே மயங்கி விழுந்தார். அவரைத் தூக்கிப்போய்ப் படுக்கவைத்தது சாட்விக்கின் இடத்தில். விஷயம் தெரிந்து ரமணரே அங்கே வந்தார். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள், ஏறக்குறைய அரைமணி நேரம், பேச்சில்லாமல். பிற்பாடு அந்த மயக்கம் சமாதிநிலை என்று ஒரு கதை கிளம்பியது. மாம் அதை ஒப்புக்கொள்ளவில்லை. தனக்கு அதற்கு முன்னும் பின்னும் மயக்கம் வந்ததுண்டு என்று 1958-ல் வந்த கட்டுரையில் எழுதினார். 1944-ல் வந்த அவருடைய 'தி ரேசர்ஸ் எட்ஜ்' நாவலில் ரமணரின் சாயலில் ஒரு குரு வருகிறார். நாவலில் ஆசிரமம் திருவிதாங்கூருக்கு இடம்பெயர்ந்துவிட்டது.

இதையெல்லாம் படித்தபோது எனக்கு ஒரு பெருமிதம் வந்தது. வரலாற்றுக் கட்டத்தில் போட விஷயம் கிடைத்துவிட்டது. காசு வாங்காத ஊர், கதவு திறந்த ஊர். தட்டச்சு செய்யவும் தொடங்கினேன். அப்போதுதான் அதே நூல்களில் தாண்டிவந்த வரிகள் உறுத்தின.

ரமணர் காலத்தில் பெண்கள் ஆசிரமத்துக்குள் இரவு தங்க முடியாது. இருட்டுவதற்குள் கிளம்ப வேண்டும். அவருக்கு வருஷக்கணக்கில் தினமும் சோறு கொண்டுவந்த எச்சம்மாள் ஊருக்குள்தான் வீடு வைத்திருந்தார். ரமணரின் நாட்களைக் கடிதங்களாகப் பதிவுசெய்த சூரி நாகம்மாவும் வெளியேதான் குடியிருந்தார். கடல்கடந்து வந்த ராணுவ மேஜருக்கு உள்ளே வீடு, எச்சம்மாளுக்கு இல்லை. சாப்பாட்டுக் கூடத்தில் பிராமணர்களுக்கும் மற்றவர்களுக்கும் நடுவே தட்டி இருந்தது. சத்திரங்களின் கதையும் இதுதான். பல சத்திரங்கள் ஒரு சாதிக்காரர் தன் சாதிக்காரருக்குக் கட்டியவை. எல்லாரும் உண்ணலாம் என்று சொன்ன இடங்களிலும் பந்தி ஒன்றாக இருந்ததில்லை. விலை பூஜ்யமாக இருந்தபோது, உள்ளே நுழைய வேறொன்றைக் காட்ட வேண்டியிருந்தது: பெயரை, ஊரை, சாதியை. வாடகை வீட்டில் அந்தக் கேள்வி கொஞ்சம் அடங்குகிறது. காட்ஸ்வோல்ட்ஸில் அத்தை மகனிடம் யாரும் அவன் குலம் கோத்திரம் கேட்கவில்லை, கார்டு வேலைசெய்கிறதா என்றுதான் பார்த்தார்கள். அதுவும் ஒரு விடுதலைதான். பணம் இருக்கிறவனுக்கு.

அத்தையிடம் போய்க் கேட்டேன். அவர் பக்கத்துத் தெருவில் இருக்கிறார்.

"தீபத்துக்கு நம்ம திண்ணையில முப்பது பேர் படுப்பாங்கடா. எந்த ஊரோ என்னவோ. யாரும் வந்து கேக்கமாட்டாங்க, நாமளும் யாருன்னு கேக்கமாட்டோம். விடிகாலையில கோலம் போடறதுக்கு அவங்களை எழுப்பறதுதான் பெரிய வேலை. கிரிவலம் சுத்திட்டு வந்து அடிச்சிப்போட்ட மாதிரி கெடப்பாங்க."

"யார் வேணா படுக்கலாமா அத்தை?"

அவர் உடனே பதில் சொல்லவில்லை. மடியிலிருந்த கீரையை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"படுக்கலாம். ஆனா தண்ணி கேட்டா, எங்கம்மா சில பேருக்குச் சொம்ப கையில குடுக்கமாட்டா. தூக்கி ஊத்துவா. எனக்கு அப்ப தெரியல. பின்னாடி தெரிஞ்சுது."

தெரிந்த பிறகு என்ன செய்தார் என்று கேட்டேன். "நான் கையில குடுத்தேன். அவ பாக்காதப்ப" என்றார்.

நான் தேடிக்கொண்டிருந்த வரலாறு அந்தப் பதிலில்தான் முழுசாக இருந்தது. 500 எழுத்துகளில் அது அடங்கியும் இருக்கும். விருந்தினர்கள் படிக்கும் பக்கத்தில் அதைப் போடலாமா என்று அத்தை மகனிடம் கேட்டபோது, "வேணாம் மச்சான், ரேட்டிங் போயிடும்" என்றான். ஓட்டையும் முற்றத்தையும் பற்றி அவனே இரண்டு வரி எழுதிப் போட்டான். பௌர்ணமிக்கும் தீபத்துக்கும் கட்டணம் மூன்று மடங்கு என்று ஒரு அட்டவணையும் அனுப்பினான். நியாயம்தான். உத்திரத்தில் கரையான் இருக்கிறது, ஆசாரிக்குக் கொடுக்க வேண்டும்.

நான் ஒரு விஷயத்துக்கு மட்டும் சண்டை போட்டேன். தொண்ணூறுகளில் திண்ணைக்கு இரும்பு கிரில் போட்டுப் பூட்டிவிட்டார்கள். தீபத்தன்று ராத்திரி அந்தப் பூட்டைத் திறந்துவைக்க வேண்டும் என்றேன். உள்ளே அவ்வளவு காசு கொடுத்துத் தங்குகிறவர்கள் புகார் சொல்வார்கள் என்றான். உண்மைதான். அவர்களுக்குப் பின்பக்கம் வழி வைக்கலாம் என்றேன். அரைமனதோடு ஒத்துக்கொண்டான். சாவி அத்தையிடம் இருக்கிறது. குடிதண்ணீர்க் குடமும் நான்கைந்து சொம்பும் வாங்கிவைக்கச் சொல்லியிருக்கிறார்.

படிவத்தில் 'அதிகபட்ச விருந்தினர்கள்' என்று ஒரு கட்டம் உண்டு. நான்கு என்று போட்டிருக்கிறோம். திண்ணையை அதில் சேர்க்கவில்லை.