பிரட்டுக்களமும் வாக்குச்சாவடியும்: ஊவாத் தோட்டங்களில் மாற்றுத்திறனாளி உதவியின் தொடக்கம் குறித்து

இலங்கையின் சமூகநல அரசு 1931இன் சர்வசன வாக்குரிமையிலிருந்து கிளைத்தது என்பது ஆய்வாளர் லக்சிரி ஜயசூரியவின் வாசிப்பு. வாக்குக் கேட்டு வந்தவர்கள் அரிசியும் மருந்தும் பள்ளிக்கூடமும் தரவேண்டியதாயிற்று. கிராமத்தைப் பொறுத்தவரை இதில் பிழை காண்பது கடினம். பசறை, லுணுகலை, அப்புத்தளைத் தோட்டங்கள் வரை இதை இழுக்கும்போதுதான் இடிக்கிறது. தோட்டத்து மக்களுக்கு 1931இலேயே வாக்குரிமை நிபந்தனைகளோடுதான் வந்தது. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றது. அடுத்த ஆண்டின் குடியுரிமைச் சட்டமும் 1949இன் தேர்தல் திருத்தமும் அந்த வாக்கையே பறித்தன. ஜயசூரியவின் தர்க்கப்படி, அதன் பிறகு ஊனமுற்ற தோட்டத் தொழிலாளி எந்தச் சட்டத்தின் பேரிலும் எதையும் கேட்டிருக்க முடியாது.

கேட்க முடிந்தது. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் குடியுரிமையைப் பார்க்கவில்லை. வேலையில் நேர்ந்த விபத்தைப் பார்த்தது. ரோலரில் கை சிக்கிய தொழிற்சாலைத் தொழிலாளிக்கு, பிரட்டுக்களத்தில் ஆள் கணக்கெடுக்கும் பதிவேடான செக்ரோலில் பெயர் இருந்தால் கோரிக்கைக்கு ஒரு பிடி இருந்தது. இழந்த உறுப்புக்கு உழைப்புத்திறனில் இத்தனை வீதம் என்று சட்டத்தின் அட்டவணை கணக்கிட்டது. அந்தத் தொழிலாளி வாழ்ந்த லயத்தில் பிறவியிலேயே காது கேளாத பிள்ளைக்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை. அட்டவணைக்குத் தேவை ஒரு விபத்து. இது தொழிற்சட்டம், சமூகநலம் அன்று என்று மறுக்கலாம். குடியிருப்பு, மருந்து, சம்பளம் மூன்றும் தோட்டத் துரையின் ஒரே கந்தோரிலிருந்து வந்த இடத்தில் அந்தப் பிரிவினை எனக்கு ஏற்புடையதல்ல.

அங்கவீனமுற்றோர் உரிமைப் பாதுகாப்புக்கான 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தில் இன்னும் நுணுக்கமான சான்று ஒன்று இருக்கிறது. அதன் வரைவிலக்கணம் 1975 டிசம்பர் 9இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற அங்கவீனர் உரிமைகள் பிரகடனத்தை ஏறத்தாழ வரிக்கு வரி பின்பற்றுகிறது. ஓரிடத்தில் மட்டும் பாடம் வேறுபடுகிறது. சாதாரண தனிமனித, சமூக வாழ்வின் தேவைகளைத் தானே நிறைவேற்ற இயலாதவர் என்கிறது பிரகடனம். இலங்கைச் சட்டத்தில் எஞ்சுவது வாழ்வின் தேவைகள் மட்டும். வரைந்தவரின் சொற்சிக்கனமாகவும் இருக்கலாம். ஒரே ஒரு சொற்றொடரை வைத்து நோக்கம் கற்பிப்பது ஆபத்து. ஆயினும் தற்செயல் என்று விட எனக்கு மனமில்லை. லயத்துக் காம்பராவில் வீட்டார் ஊட்டிவிடச் சோறு உண்பவருக்குக் கோயில் திருவிழாவும் சங்கக் கூட்டமும் பதுளை பஸ்ஸும் எட்டாமற்போவது, விடுபட்ட அந்தச் சொற்களுக்குள் அடங்கியிருந்த இழப்பு. அந்த இழப்பையும் கணக்கிலெடுக்கும், மாற்றுத்திறனாளிகள் குறித்த ஐ.நா. சமவாயத்தை இலங்கை உறுதிசெய்தது 2016இல்தான்.

அப்படியானால் தோட்டத்து ஊனமுற்றவர் தொழிலாளியாக அன்றிக் குடிமகனாக விண்ணப்பிக்கத் தொடங்கியது எப்போது? 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கக் குடியுரிமை வழங்கல் சட்டத்தைச் சொல்வது வசதி. ஆனால் 1949இன் இந்திய, பாகிஸ்தானியக் குடியிருப்பாளர் (குடியுரிமை) சட்டத்தின் கீழும் 1964இன் இலங்கை–இந்திய ஒப்பந்தத்தின் கீழும் குடியுரிமை பெற்றவர்கள் முன்பே இருந்தனர். சட்டம் நிறைவேறிய நாளும் அடையாள அட்டை கைக்கு வந்த நாளும் ஒன்றல்ல. ஒரே குடும்பத்துக்குள்ளேயே இந்தத் தேதி மாறக்கூடும் என்பதால் ஓர் ஆண்டைக் குறிக்க நான் முற்படவில்லை. 2025இல் மாதம் 10,000 ரூபாயாக உயர்ந்த மாற்றுத்திறனாளி கொடுப்பனவுக்குக் கிராம உத்தியோகத்தர், பிரதேச செயலகம், வைத்தியச் சான்று என்று அலையவேண்டும். அந்தப் பாதையில் செக்ரோலுக்கு வேலை இல்லை.