சென்னைக் கரையின் உயிர்காப்போர்

பிரித்தானியாவில் உயிர்காப்புப் படகுகளை நடத்தும் தேசிய நிறுவனம் 1824இல் தோன்றுவதற்கு முன்பே, துறைமுகமற்ற சென்னைக் கரையில் அதே பணியைத் தமிழ் மீனவர் செய்து வந்தனர். கப்பல்கள் கரைக்கு அப்பால் நங்கூரமிட, பயணிகளையும் சரக்கையும் மசூலாப் படகுகளே கரைசேர்த்தன. ஆணியின்றித் தென்னங்கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கட்டப்பட்டதால், அலை மோதும்போது அவை உடையாமல் நெகிழ்ந்து கொடுத்தன. படகைச் செலுத்தியவர் தண்டேல் எனப்பட்ட தலைவர். அலைகளின் இடைவெளியைக் கணித்து, துடுப்போரை ஒரே வேகத்தில் இயக்குவது அவர் பொறுப்பு. எனினும் படகு கவிழ்வதுண்டு என்பதால், கயிற்றால் பிணைத்த மரக்கட்டைகளாலான கட்டுமரங்களில் நீச்சல் வல்லோர் உடன் சென்று, நீரில் விழுந்தோரை மீட்டனர். உயிர்காத்தோருக்குப் பதக்கங்களும் வழங்கப்பட்டன. அவற்றைப் பெற்றவர் பலரின் பெயர் இன்று பரவலாக அறியப்படாதது பெரும் இழப்பு. 19ஆம் நூற்றாண்டிலும் இவர்களின் பணி தொடர்ந்தது. 1876இல் தொடங்கிய துறைமுகக் கட்டுமானத்தை 1881ஆம் ஆண்டுப் புயல் பெரிதும் சிதைத்தது. பின்னர் அது மீளக் கட்டப்பட்டு, கப்பல்கள் உள்ளே வந்து நிற்கத் தொடங்கியபின், மசூலாவின் தேவை படிப்படியாகக் குறைந்தது.