ஐந்து சென்ட் ரயில்

நியூயார்க் சப்வேயில் புதிதாக ஏறுகிறவரைக் குழப்புவது கூட்டமோ சத்தமோ இல்லை, ரயில்களின் பெயர்கள்தான். சில ரயில்களுக்கு எண்: 1, 2, 3 என்று 7 வரை. மற்றவற்றுக்கு எழுத்து: ஏ, சி, ஈ, எஃப், கியூ என்று. இரண்டிலும் மாறி மாறிப் போனால் இன்னொன்றும் தெரியும். எண் ரயில்களின் பெட்டி ஒடுக்கமாக இருக்கும், எழுத்து ரயில்களின் பெட்டி தாராளமாக இருக்கும். முதலாவது சுமார் எட்டே முக்கால் அடி அகலம், இரண்டாவது பத்து அடி. ஒன்றேகால் அடி என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்பவர்கள் ஒருநாள் காலை எட்டரை மணிக்கு 6-ஆம் நம்பர் ரயிலில் நின்று பார்க்க வேண்டும்!

அகலமான பெட்டி ஒடுக்கமான சுரங்கத்துக்குள் நுழையாது. ஒடுக்கமான பெட்டியை அகலச் சுரங்கத்தில் ஓட்டினால் பிளாட்பாரத்துக்கும் வாசலுக்கும் நடுவே கால் மாட்டிக்கொள்ளும் அளவுக்கு இடைவெளி விழும். ஒரே நகரம், ஒரே கட்டணம், ஒரே நிர்வாகம்... ஆனால் ஒன்றின் பாதையில் மற்றொன்று போக முடியாத இரண்டு வகை ரயில்கள். இது எப்படி வந்தது என்று தேடிப் போனால் கடைசியில் போய் நிற்கும் இடம் ஒரு நாணயம். 'நிக்கல்' என்று அமெரிக்கர்கள் சொல்லும் 5 சென்ட் காசு.

1904 அக்டோபர் 27-ஆம் தேதி முதல் சப்வே திறக்கப்பட்டது. நகர மண்டபத்திலிருந்து வடக்கே 145-ஆவது தெரு வரை சுமார் 9 மைல், 28 நிலையங்கள். சுரங்கம் தோண்டப் பணம் கொடுத்தது நகராட்சி. ரயில் ஓட்டியது ஆகஸ்ட் பெல்மான்ட் என்ற வங்கிக்காரரின் ஐ.ஆர்.டி. கம்பெனி. மேயர் மெக்கிளெல்லன் சம்பிரதாயத்துக்குக் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு இறங்கிவிடுவார் என்று எல்லோரும் நினைத்திருக்க, மனிதர் கைப்பிடியை விடாமல் வெகுதூரம் ஓட்டிக்கொண்டே போய்விட்டார். அன்று மாலை பொதுமக்களுக்குக் கதவு திறந்ததும் லட்சம் பேருக்கு மேல் ஏறினார்கள். எங்கே ஏறி எங்கே இறங்கினாலும் கட்டணம் 5 சென்ட்.

ஆரம்பத்தில் இது நல்ல வியாபாரம். ஆகவே 1913-இல் நகராட்சி, ஐ.ஆர்.டி.யோடும் புரூக்ளினில் ரயில் ஓட்டிக்கொண்டிருந்த பி.ஆர்.டி. கம்பெனியோடும் ஒரு பெரிய ஒப்பந்தம் போட்டது. பாதைகள் இரண்டு மடங்குக்கு மேல் நீளும், குத்தகைக் காலம் 49 வருடம், அதுவரைக்கும் கட்டணம் 5 சென்ட்! அரை நூற்றாண்டுக்கு விலையை எழுதிக் கொடுப்பதா என்று இன்றைக்கு பி.காம். முதல் வருடம் படிக்கிறவர்கள்கூடச் சிரிப்பார்கள். ஆனால் கட்டணத்தைக் குறைக்கச் சொல்லிவிடுவார்களோ என்பதுதான் அன்றைக்குக் கம்பெனிகளுக்கு இருந்த பயம். 5 சென்ட்டுக்குக் கீழே இறங்காது என்ற உறுதி அவர்களுக்கு லாபமாகவே பட்டது.

அடுத்த வருடமே முதல் உலகப் போர் வந்தது. நிலக்கரி, இரும்பு, கூலி எல்லாம் எகிறின. வருமானப் பக்கத்தில் மட்டும் அதே 5 சென்ட். பி.ஆர்.டி. முதலில் விழுந்தது. 1918 நவம்பர் 1-ஆம் தேதி அந்தக் கம்பெனியின் ஓட்டுநர்கள் வேலைநிறுத்தத்தில் இருக்க, போதுமான பயிற்சி இல்லாத ஒரு ஊழியரை வைத்து ரயிலை ஓட்டினார்கள். மால்போன் தெரு வளைவில் வேகம் அடங்காமல் பெட்டிகள் தடம் புரண்டன. 90 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்த வருடக் கடைசியிலேயே கம்பெனி திவால், பிறகு பி.எம்.டி. என்ற பெயரில் திரும்பி வந்தது.

கட்டணத்தை ஏற்றியிருக்கலாமே? அங்கேதான் அரசியல் நுழைகிறது. 1918-இல் மேயரான ஜான் ஹைலன், இளவயதில் புரூக்ளின் ரயிலில் எஞ்சின் ஓட்டி, அங்கிருந்து வேலையை விட்டு நீக்கப்பட்டவர். ரயில் கம்பெனிகள் மேல் அவருக்கு இருந்த கோபம் ஊரறிந்தது. 5 சென்ட்டைக் காப்பேன் என்பதே அவர் அரசியலாக இருந்தது. அவருக்குப் பின் வந்தவர்களும் அதைத் தொடத் துணியவில்லை. கட்டணத்தை 7 சென்ட் ஆக்க ஐ.ஆர்.டி. உச்ச நீதிமன்றம் வரை போய், 1929-இல் தோற்றுத் திரும்பியது.

ஹைலன் இதோடு நிற்கவில்லை. நகராட்சியே சொந்தமாக மூன்றாவது ரயில் போடும் என்றார். 1932-இல் எட்டாவது அவென்யூவுக்கு அடியில் அது ஓடத் தொடங்கியபோது அவர் பதவியில் இல்லை. பெயர் ஐ.என்.டி.; இன்றைய ஏ ரயில் அந்த வழியில்தான் போகிறது. ரயிலே இல்லாத பகுதிகளுக்குப் போட்டிருக்கலாம். பல இடங்களில் கம்பெனி ரயிலுக்குக் கூப்பிடு தூரத்தில் போட்டிக்கென்றே போட்டார்கள். மன்ஹாட்டனில் சில இடங்களில் ஒரு தெரு தள்ளி இன்னொரு பாதை ஓடுவதும், குவீன்ஸில் பல இடங்களுக்கு இன்றும் ரயிலே இல்லாததும் ஓரளவுக்கு இந்தச் சண்டையின் மிச்சம். பெட்டி அகல விவகாரமும் இதுவேதான். ஒடுக்கமானவை பழைய ஐ.ஆர்.டி.யின் வழிகள், அவற்றுக்கு எண். அகலமானவை மற்ற இரண்டின் வழிகள். பின்னாளில் அவற்றுக்கெல்லாம் எழுத்து. 1940-இல் சுமார் 32 கோடி டாலர் கொடுத்து நகராட்சி இரண்டு கம்பெனிகளையும் வாங்கிக்கொண்டது. நிர்வாகத்தை ஒன்றாக்கலாம், சுரங்கத்தை அகலப்படுத்த முடியுமா?

5 சென்ட்டை வெறும் ஓட்டுத் தந்திரம் என்று ஒதுக்கிவிடவும் கூடாது. லோயர் ஈஸ்ட் சைடில் காற்றில்லாத அறைகளில் நெருக்கியடித்து வாழ்ந்த குடும்பங்கள், வேலையை விடாமல் பிராங்க்ஸுக்கும் புரூக்ளினுக்கும் குடிபோக முடிந்தது இந்த விலையால்தான். 1920 முதல் அதே காசுக்குக் கோனி ஐலண்ட் கடற்கரை வரைக்கும் போகலாம் என்றானது. ஞாயிற்றுக்கிழமைகளில் லட்சக்கணக்கான தொழிலாளிகள் பிள்ளைகளோடு போய் இறங்கினார்கள். அந்த இடத்துக்கே 'நிக்கல் சாம்ராஜ்யம்' என்று பெயர் வந்தது.

ஆனால் அந்த மலிவுக்கான பணத்தை எங்கிருந்தாவது எடுத்தாக வேண்டுமே. டிக்கெட்டை வாங்கிப் பெட்டியில் போட்டு நறுக்கும் ஆட்கள் போய், காசு போட்டால் சுழலும் கம்பித் தடுப்புகள் வந்தன. கதவுக்குக் கதவு நின்ற காவலர்கள் குறைக்கப்பட்டார்கள். அழகான ஓடு பதித்த சுவர்களில் விளம்பரங்கள் 1904-லேயே ஏறிவிட்டன. கட்டடக் கலைஞர்கள் கொதித்தும் பயனில்லை. பராமரிப்பைத் தள்ளிப்போட்டுக் கொண்டே போனார்கள். கணக்கில் தேய்மானம் எழுதாமல் லாபம் காட்டுவது மாதிரிதான். இயந்திரம் அதை மறப்பதில்லை.

கடைசியில் 1948 ஜூலை 1-ஆம் தேதி கட்டணம் 10 சென்ட் ஆனது. 44 வருடத்துக்குப் பிறகு! விலைவாசி இடையில் இரண்டு மடங்குக்கும் மேல் ஏறியிருந்தது.

1953-இல் 15 சென்ட் ஆனபோது ஒரு வேடிக்கையான சிக்கல். 15 சென்ட்டுக்குத் தனி நாணயம் கிடையாது, தடுப்பு இயந்திரமோ ஒரே ஒரு காசைத்தான் வாங்கும். அதற்காகப் பிறந்ததுதான் டோக்கன். என், ஒய், சி என்ற மூன்று எழுத்தில் நடுவில் உள்ள ஒய் மட்டும் துளையாக வெட்டிய சிறு வட்டம். அதற்கென்று தனிப் பொருளாதாரமே உருவானது. கட்டணம் ஏறப்போகிறது என்று செய்தி வந்தால் ஜனங்கள் டோக்கனை மூட்டையாக வாங்கிப் பதுக்குவார்கள். நிர்வாகம் ஆளுக்கு இத்தனைதான் என்று ரேஷன் வைக்கும். 1980களில் பக்கத்து மாநிலமான கனெக்டிகட்டின் சுங்கச்சாவடி டோக்கன் (விலை பதினேழரை சென்ட்) சப்வே தடுப்பில் அச்சாகப் பொருந்துவதை யாரோ கண்டுபிடித்தார்கள். அப்போது சப்வே டோக்கன் 75 சென்ட்! கனெக்டிகட் 1985-இல் சுங்கத்தையே எடுத்த பிறகுதான் நிர்வாகத்துக்கு நிம்மதி. இன்னும் சிலர் காசு போடும் ஓட்டையில் காகிதத்தைத் திணித்து வைத்து, மாட்டிக்கொண்ட டோக்கனை வாயை வைத்து உறிஞ்சி எடுப்பார்கள். (சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்கள் மன்னிக்கவும்.)

1980-இல் ஒருவர் கவனித்துச் சொன்ன விஷயமும் உண்டு. நியூயார்க்கில் ஒரு துண்டு பீட்சாவின் விலையும் ஒரு சப்வே பயணத்தின் விலையும் சேர்ந்தே ஏறுகின்றன என்பது. மாவுக்கும் சீஸுக்கும் ரயிலோடு என்ன சம்பந்தம் என்று தெரியாமலேயே அந்த ஊர்க்காரர்கள் அதைப் பல வருடம் நம்பினார்கள்.

டோக்கன் 2003-இல் போய்விட்டது. அதை ஒழித்த மெட்ரோகார்டை வேகமாக இழுத்தாலும் திட்டும், மெதுவாக இழுத்தாலும் திட்டும். சரியான வேகம் கைக்குப் பழகிவிட்டால் ஆள் உள்ளூர்க்காரர் என்று அர்த்தம். அந்த அட்டையின் விற்பனையும் 2025 முடிவோடு நின்றது. 2026 ஜனவரியில் கட்டணம் 3 டாலர் ஆனது. ஆனால் 5 சென்ட் காலத்து வழக்கம் ஒன்று மட்டும் மாறவில்லை. அடுத்த தெருவில் இறங்கினாலும் 20 மைல் போனாலும் அதே கட்டணம்தான்.

6-ஆம் நம்பர் ரயில் தெற்கே கடைசி நிலையத்தில் எல்லோரையும் இறக்கிவிட்டு ஒரு வளையத்தில் சுற்றித் திரும்புகிறது. இறங்காமல் உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஜன்னலில் ஒரு பாழடைந்த நிலையம் தெரியும். வளைந்த பிளாட்பாரம், ஓடு பதித்த கமான்கள், மேலே கண்ணாடிக் கூரை. 1904-இல் மேயர் ரயிலை எடுத்த இடம் அதுதான். நீளமான ரயில்களுக்கு அந்த வளைவு ஒத்துவராததாலும் கூட்டம் குறைந்ததாலும் 1945 டிசம்பர் 31-ஆம் தேதி மூடிவிட்டார்கள். மூடிய அன்றும் அங்கே கட்டணம் 5 சென்ட்தான்.