படகுக்குள் புகுந்த நெருப்பு

நடுக்கடலில் விசைப்படகின் இயந்திரம் திடீரென்று இருமி, இரண்டு முறை விக்கி, பிறகு ஓய்ந்துவிடுமானால், அதன் மூடியைத் திறந்து குனிந்து பார்க்கிற மனிதனின் சித்தத்தில் எழுகிற கேள்விகள் இரண்டே இரண்டுதான்: நெருப்பு வரவில்லையா, எண்ணெய் வரவில்லையா? எரிவதற்கு வேண்டிய மூன்றாவது பொருளான காற்றைப் பற்றி அவன் கவலைப்படுவதில்லை. கடலின்மேல் அது வேண்டிய அளவுக்கு அதிகமாகவே வீசிக்கொண்டிருக்கிறது. படகுக்குள் பெட்ரோல் இயந்திரம் குடியேறி ஏறக்குறைய நூற்று நாற்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. அத்தனை காலமும் படகு இயந்திரத்தின் சரித்திரம் இந்த இரண்டு கேள்விகளையே சுற்றிச் சுழன்று வந்திருக்கிறது என்று சொன்னால் அது மிகையாகாது.

பெட்ரோலுக்கு முன்பு நீராவி இருந்தது. ஆனால் அமெரிக்காவில் நீராவிப் படகு ஓட்டுவதற்கு உரிமம் பெற்ற இயந்திரப் பொறுப்பாளர் ஒருவர் கூடவே இருந்தாக வேண்டும் என்று சட்டம் விதித்திருந்தபடியால், ஏரிக்கரைகளில் மாளிகை கட்டி வாழ்ந்த செல்வர்கள் அந்தச் செலவையும் தொந்தரவையும் தவிர்க்க வழி தேடினார்கள். 1880களில் அவர்களுக்கு நாப்தா படகு கிடைத்தது. நீரைக் கொதிக்கவைத்தால்தானே சட்டம் குறுக்கே நிற்கும்? ஆகவே, கொதிகுழாயில் நீருக்குப் பதிலாக, பெட்ரோலுக்கு நெருங்கிய உறவான நாப்தாவையே ஊற்றிக் கொதிக்கவைத்து, அந்த ஆவியில் ஒரு பங்கை அடுப்பில் எரித்து, மீதியைக் கொண்டு உந்துதண்டுகளை இயக்கினார்கள். மடியில் நெருப்பைக் கட்டிக்கொள்வது என்று நம்மவர்கள் சொல்லுகிறார்களே, அதற்கு இதைவிட நேரான உதாரணம் எனக்குத் தெரியாது. ஆயினும் அந்தப் படகுகள் நன்றாகவே விற்பனையாயின.

இயந்திரத்தின் உருளைக்குள்ளேயே நெருப்பை மூட்டுகிற வித்தை, 1886ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், ஜெர்மனியில் கான்ஸ்டாட் நகரத்து நெக்கர் நதியில் முதன்முதலாகப் படகேறியது. கோட்லீப் டைம்லரும், அவருடைய சகாவும் மகா நுட்பமான கைவினைஞருமான வில்ஹெல்ம் மேபாக்கும், ஏறக்குறைய நாலரை மீட்டர் நீளமுள்ள சிறு தோணி ஒன்றில், தாங்கள் ஆக்கிய ஒற்றை உருளை இயந்திரத்தைப் பொருத்தி ஓட்டினார்கள். பெட்ரோல் என்ற சொல்லைக் கேட்டாலே ஊரார் வெடித்துவிடும் என்று அஞ்சி ஒதுங்கியதனால், டைம்லர் படகின் விளிம்பைச் சுற்றிலும் கம்பிகளையும் பீங்கான் காப்புகளையும் கட்டி, இது மின்சாரத்தால் ஓடுவது என்று ஜனங்களை நம்பவைத்தார் என்று ஒரு கதை வழங்குகிறது.

ஊராருடைய அச்சம் மூடத்தனமானதன்று. டைம்லருடைய இயந்திரத்தில் மின்பொறி கிடையாது. உருளையின் பக்கத்தில் ஒரு முனை அடைபட்ட சிறு குழாய் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அதை வெளியிலிருந்து ஒரு சுடர் ஓயாமல் சுட்டுச் சிவக்கவைக்கும். உள்ளே அழுத்தப்பட்ட வாயுக் கலவை அந்தச் செந்தணல் குழாய்க்குள் புகுந்து பற்றிக்கொள்ளும். சாலையில் ஓடுகிற வண்டிக்கு இது ஓரளவு பொருந்தலாம். படகு என்பதோ அடிப்புறம் திறவாத ஒரு கிண்ணம். பெட்ரோலின் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. வண்டியிலே கசிந்தால் தரையில் விழுந்து கலைந்துபோகும். படகிலே கசிந்தால் அடிப்பள்ளத்தில் இறங்கி, கண்ணுக்குப் புலப்படாமல் தேங்கி நின்று, ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். அந்தக் கிண்ணத்துக்குள்ளேயே அணையாத சுடரையும் வைப்பது விவேகமாகுமா? போதாக்குறைக்கு, காற்று பலமாக அடித்தால் சுடர் அணைந்துவிடும்; அணைந்தால் படகு நின்றுவிடும்.

அடிப்பள்ளத்து ஆவியைப் பற்றிய இந்தப் பயத்தை அரசாங்கங்கள் சட்டமாக எழுதுவதற்கு வெகுகாலம் பிடித்தது. அமெரிக்காவில் 1940ஆம் ஆண்டின் மோட்டார் படகுச் சட்டந்தான், பெட்ரோல் படகுகளின் கார்புரேட்டர் வாயில் சுடர்தடுப்பு வேண்டும் என்றும், அடித்தளத்துக்குக் காற்றோட்டக் குழாய்கள் வேண்டும் என்றும் விதித்தது. இயந்திரத்தைக் கிளப்புவதற்கு முன்னால் நான்கு நிமிஷமாவது ஊதுவிசிறியை ஓட்டி அடிப்பள்ளத்தைக் காற்றாடவிட வேண்டும் என்பதும், அதற்கும் முன்னால் மூக்கை நுழைத்து மோந்து பார்க்க வேண்டும் என்பதும் பெட்ரோல் படகுக்காரர்களின் அனுஷ்டானம்.

அந்தச் சட்டத்துக்கு வெகுகாலம் முன்பே, சுடரின் இடத்துக்கு மின்சாரம் வந்து சேர்ந்தது. ராபர்ட் பாஷ் 1887இல் காந்தத்தால் மின்பொறி உண்டாக்கும் கருவியான மேக்னெட்டோவை, குறைந்த அழுத்த வகையில், நிலையான இயந்திரம் ஒன்றுக்குச் செய்து கொடுத்தார்; அவருடைய தொழிற்கூடத்தைச் சேர்ந்த கோட்லோப் ஹோனோல்ட் 1902இல் உயர் அழுத்த மேக்னெட்டோவையும் அதற்கேற்ற பொறிமுனையையும் நிறைவேற்றினார். கார்களுக்கு அதன் பிறகு விமோசனம் ஏற்பட்டுவிட்டது. கடலிலோ புதிய சங்கடம் ஒன்று முளைத்தது. பல்லாயிரம் வோல்ட் அழுத்தமுள்ள மின்சாரம் நேர்வழியில் போவதைவிடக் குறுக்குவழியில் போவதில் பிரியமுடையது. கம்பியின்மேல் உப்புநீர்த் துளி ஒன்று படிந்தாலும் போதும், பொறிமுனைக்குப் போக வேண்டியது வழியிலேயே வடிந்துவிடும். மூடுபனியில் நனைந்த காலை வேளையில் உயர் அழுத்தப் பொறியை நம்பினவன் கரையிலேயே நின்றான்.

இந்தச் சங்கடத்துக்கு மிக அழகான பரிகாரத்தைப் பயன்படுத்தியவர்கள், கனடாவின் கிழக்குக் கரையிலும் நியூபவுண்ட்லாந்துத் தீவிலும் காட் மீன் பிடித்து வாழ்ந்த ஏழை மீனவர்கள். நோவா ஸ்கோஷியாவின் பிரிட்ஜ்வாட்டரில் 1908இல் தோன்றிய அக்கேடியா நிறுவனமும், லுனென்பர்க் வார்ப்பாலையும் அவர்களுக்காக வார்த்துக் கொடுத்த ஒற்றை உருளை இயந்திரங்களை அவர்கள் ‘மேக் அண்ட் பிரேக்’ என்று அழைத்தார்கள். சேர்த்துப் பிரிப்பது என்று பொருள். பெயரிலேயே தத்துவம் அடங்கியிருக்கிறது. உருளைக்குள்ளே இரண்டு உலோக முனைகள் இருக்கும். ஒன்று அப்பிரகத் தகடுகளால் காப்பிடப்பட்டு அசையாமல் நிற்கும். மற்றொன்று ஒரு சிறு அச்சில் அசையும். ‘ஃப்ளைவீல்’ என்னும் பறசக்கரத்தோடு சுழலும் நெம்பு அந்த அச்சைத் தள்ளும்போது இரண்டு முனைகளும் கூடும். உலர்மின்கலங்களிலிருந்து வரும் மெலிந்த மின்சாரம் ஒரு கம்பிச்சுருள் வழியாக அவற்றில் பாயும். உரிய க்ஷணத்தில் ஒரு சுருள்வில் முனைகளை வெடுக்கென்று பிரித்துவிடும். பிரிகிற இடத்தில் பொறி பிறக்கும். அழுத்தம் குறைந்த மின்சாரமாகையால் ஈரக் கம்பியும் உப்புப் படிவும் அதை வழிமறிப்பதில்லை. அந்தக் கடலுக்கு அதைவிடச் சிறந்த இயந்திரம் அக்காலத்தில் இல்லை என்பது என் முடிவு.

அதற்கு நோய் வராமலில்லை. முனைகளில் கரி படியும், எண்ணெய் தெறித்து அப்பிரகத்தை நனைக்கும், சுருள்வில் தளரும், மின்கலம் சோரும். ஆனால் அத்தனையையும் விரலால் தொட்டுக் கண்டுகொள்ளலாம். காலையில் இயந்திரம் எழ மறுத்தால், மீனவர் முதலில் கம்பியைக் கழற்றி, முனையத்தின்மேல் ஒருமுறை உரசி எடுப்பார். நீலப்பொறி பளிச்சென்று தெரிந்தால் மின்கலத்தின்மேல் குற்றமில்லை. பிறகு நெம்பைக் கையால் தூக்கி விடுவார். ‘டக்’ என்று வெட்டிய ஓசை கேட்டால் வில்லின்மேலும் குற்றமில்லை. மந்தமாகக் கேட்டால், இரண்டு மரைகளைத் திருகி அந்தப் பொறியமைப்பையே பல்லைப் பிடுங்குவதுபோல் பிடுங்கி, முனைகளைக் கத்தியால் சுரண்டி, துடைத்து மறுபடி மாட்டுவார். நெருப்பு சரியாக இருந்தால் அடுத்தது எண்ணெய். உருளையின் தலையில் சிறு பித்தளைக் கிண்ணம் ஒன்று இருக்கும். அதில் கொஞ்சம் பெட்ரோலை ஊற்றித் திறந்துவிட்டு, கனத்த பறசக்கரத்தைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்து, அழுத்தம் ஏறும் கட்டத்தில் உதறிவிட வேண்டும். ஊற்றின துளியில் மட்டும் நாலு முறை வெடித்து நின்றுவிட்டால், வியாதி தொட்டியிலிருந்து வரும் வழியில் இருக்கிறதென்று நிச்சயம். பெரும்பாலும் அது நீராகவே இருக்கும். அந்தக் காலத்தில் பெட்ரோலை மிருதுவான ஆட்டுத்தோலில் வடிகட்டித் தொட்டியில் ஊற்றுவார்கள். முதலில் பெட்ரோலில் நனைத்த தோல் பெட்ரோலுக்கு வழிவிட்டு நீரை மேலேயே நிறுத்திக்கொள்ளும்.

இதைவிட வியப்பானது பின்னோக்கிப் போகும் உபாயம். அந்த இயந்திரங்கள் பலவற்றுக்குப் பல்சக்கரப் பெட்டியே கிடையாது. கரையை நெருங்கும்போது மீனவர் மின்விசையை அணைத்துவிடுவார். பறசக்கரம் தளர்ந்து, இன்னும் ஒரு சுற்று வருமா வராதா என்று தயங்குகிற அந்தக் கடைசி மூச்சில் மறுபடி விசையைப் போடுவார். உந்துதண்டு உச்சியை எட்டுவதற்கு முன்பே பொறி விழுந்து, அதை வந்த வழியே திருப்பியடிக்க, இயந்திரம் எதிர்த்திசையில் சுழன்று படகைப் பின்னுக்கு இழுக்கும். பொறி தவறான நேரத்தில் விழுவது எல்லா இயந்திரத்துக்கும் நோய். இவர்களோ அந்த நோயையே கைக்கருவியைப்போல் உபயோகித்துக்கொண்டார்கள். கணக்குத் தப்பினால் படகு மேடையில் மோதும், அதுவும் உண்டு. கனடிய எழுத்தாளர் ஃபார்லி மோவாட், 1969இல் வெளியிட்ட தம்முடைய படகுக் கதையில் இத்தகைய இயந்திரம் ஒன்றோடு பட்ட பாட்டைச் சிரிக்கச் சிரிக்க எழுதியிருக்கிறார். அதைப் படிப்பவர் ஒருவரும் அத்தகைய இயந்திரத்தை வாங்க விரும்பமாட்டார்.

பெட்ரோலின் விலையைத் தாங்க முடியாதவர்கள் மண்ணெண்ணெயை நாடினார்கள். கிளாஸ்கோவின் வால்டர் பெர்ஜியஸ் முதலில் கார் செய்து பார்த்து, 1906இல் அதன் இயந்திரத்தைப் படகில் வைத்துப் பார்த்தார். அதிலிருந்து பிறந்த கெல்வின் இயந்திரம் ஸ்காட்லாந்து மீனவர்களுடைய இல்லத்துப் பிள்ளை ஆகிவிட்டது. பெட்ரோலில் கிளப்பி, புகைக்குழாயின் சூட்டால் ஆவிக்கலம் காய்ந்த பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது அதன் சம்பிரதாயம். கரை சேரும்போது திரும்பவும் பெட்ரோலுக்கு மாற்றிவிட்டு நிறுத்த வேண்டும். மறந்தவன் மறுநாள் காலையில் கார்புரேட்டர் நிறையக் குளிர்ந்த மண்ணெண்ணெயை வைத்துக்கொண்டு கைப்பிடியைச் சுற்றிச் சுற்றித் தோள் கடுக்க நிற்பான். 1990களில் பொருளாதாரத் தடைக்கு உள்ளாகியிருந்த யாழ்ப்பாணத்தில், சில துளிப் பெட்ரோலை விட்டு மோட்டார் சைக்கிளை எழுப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டிய நம் மக்கள், கெல்வினைக் கேள்விப்படாமலேயே அதே வித்தையைக் கற்றுக்கொண்டார்கள்.

பொறியே வேண்டாம் என்று ஒதுக்கின இயந்திரமும் உண்டு. ஹெர்பர்ட் அக்ராய்ட் ஸ்டூவர்ட் என்ற ஆங்கிலேயர், உருகிய வெள்ளீயத்தில் மண்ணெண்ணெய் தவறிச் சிந்தி ஆவியாய்ப் பற்றிக்கொண்டதைக் கண்டுதான் யோசனை பெற்றார் என்பார்கள்; 1890இல் அவர் உரிமை பெற்ற செந்தலை இயந்திரத்தில், உருளைத் தலையிலுள்ள குமிழைப் பத்து நிமிஷத்துக்குமேல் ஊதுவிளக்கால் சிவக்கக் காய்ச்சிவிட்டால், அப்புறம் அது தன் சூட்டிலேயே எரிந்துகொள்ளும். எந்த மட்டமான எண்ணெயானாலும் விழுங்கிவிடும். ஸ்வீடனின் போலிண்டர் இயந்திரங்கள் இவ்வினத்தைச் சேர்ந்தவை. 1912 முதல் இங்கிலாந்தின் கால்வாய்ப் படகுகளிலும் அவை ஓடின. அதே ஆண்டில்தான் டென்மார்க்கின் ‘செலாண்டியா’ என்ற பெருங்கப்பல் டீசல் இயந்திரத்தால் சமுத்திரம் கடந்தது. ருடால்ஃப் டீசலின் இயந்திரத்தில் சுடருமில்லை, பொறியுமில்லை, செந்தலையுமில்லை; காற்றை நெருக்கும்போது பிறக்கிற சூடே நெருப்பு. சிறு படகுகளுக்கு அது வந்துசேரப் பல ஆண்டுகள் ஆயின. 1930களில் கெல்வின் நிறுவனம் செய்த டீசல் இயந்திரமோ முதலில் பொறிமுனையும் மேக்னெட்டோவும் கொண்டு பெட்ரோலில் கிளம்பி, பிறகு டீசலுக்கு மாறியது. புது வீட்டுக்குக் குடிபோன பிறகும் பழைய வீட்டு விளக்கைக் கைவிட மனமில்லாதவரைப் போல.

இந்தியக் கரைக்கு இந்தச் சரித்திரத்தின் கடைசி அத்தியாயமே முதலில் வந்தது. 1952 அக்டோபர் 17ஆம் தேதி நார்வேயோடு கையெழுத்தான உடன்படிக்கையின் பயனாக, மறு ஆண்டு கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் விசைப்படகுகள் இறங்கின. தமிழ்க் கரையிலும் அதைத் தொடர்ந்து பெருகிய படகுகள் பெரும்பாலும் டீசலிலேயே ஓடின. லாரிக்கு வேலைசெய்கிற இயந்திரத்தின் உடன்பிறப்பே படகின் வயிற்றில் வந்து உட்கார்ந்தது. ஆகவே இராமேசுவரத்திலோ நாகப்பட்டினத்திலோ நின்றுபோன இயந்திரத்தைப் பற்றிப் படகு டிரைவரைக் கேட்டால், அவர் பொறியைப் பற்றிப் பேசமாட்டார். ‘ஏர் பிடிச்சிருக்கு’ என்பார். குழாயில் நூலளவு விரிசல் இருந்தால் போதும், டீசலோடு காற்றும் புகுந்துவிடும். அழுத்த வேண்டிய பம்ப் காற்றுக் குமிழை நசுக்கிக்கொண்டே வீணாகும். வடிகட்டியின் தலையிலுள்ள சிறு மரையைத் தளர்த்திவிட்டு, கைப்பம்பைக் கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டே இருந்தால், முதலில் வெண்ணுரை கொப்பளிக்கும், பிறகு நுரையும் எண்ணெயும் கலந்து துப்பும், கடைசியில் குமிழில்லாத டீசல் வழவழவென்று விரலின்மேல் வழியும். உடனே மரையை இறுக்கிவிட வேண்டும்.

கொந்தளிப்பு இருக்கும் நாளில்தான் இயந்திரம் நிற்கிறது என்று கடலோடிகள் நொந்துகொள்வது வழக்கம். அது விதியல்ல, அமைதியான நாட்களில் தொட்டியின் அடியில் படிந்து உறங்குகிற கசடையும் நீரையும் அலைதான் கலக்கி வடிகட்டிக்கு அனுப்புகிறது. நீரும் எப்போதும் வெளியிலிருந்தே வருவதில்லை. பாதி காலியான தொட்டியின் உட்சுவரில் இரவுக் குளிரில் வியர்த்து இறங்குகிறது. படகு வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படிக்க நேர்ந்தால், சாயங்காலம் கரைக்கு வந்தவுடனே தொட்டியை நிரப்பி வைத்துவிட்டு வீட்டுக்குப் போங்கள்.