செண்பகத்தோப்பு அணிலும் 4.7-ம்

போன மாசம் மகள் பரீட்சைக்குப் படிச்சிட்டிருந்தா. 'நிலைத்த வளர்ச்சி'க்கான விளக்கத்தை ஒரே மூச்சில் ஒப்பிச்சா. "சரி, நம்ம செண்பகத்தோப்புல என்ன அணில் இருக்கு?"ன்னு கேட்டேன். தெரியல.

அவளைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. 1988-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் சாம்பல் நிற அணில் சரணாலயம் அறிவிக்கப்பட்டபோது நான் ராஜபாளையத்தில் ஆரம்பப் பள்ளி மாணவன். வகுப்பறை ஜன்னல்ல மலை தெரியும். மலையில் என்ன இருக்குன்னு யாரும் சொன்னதில்லை. அந்த உறுத்தலில்தான் தேட ஆரம்பிச்சேன்.

இது இரண்டு ஓடைகள் சேர்ந்த கதை. சர்வதேசப் புரிதலுக்கான கல்வி பற்றி யுனெஸ்கோ 1974-ல் ஒரு பரிந்துரையை ஏற்றது. 1977-ல் திபிலீசி மாநாடு சுற்றுச்சூழல் கல்விக்கு வடிவம் கொடுத்தது. 2015-ல் ஐ.நா. வகுத்த நிலைத்த வளர்ச்சி இலக்குகளில், 4.7 என்ற ஒரே பத்தியில் உலகக் குடிமையும் சுற்றுச்சூழலும் ஒன்றாக வந்தன.

நம்ம நாட்டில் இது கோர்ட் வழியா வந்தது. எம்.சி. மேத்தா வழக்கில், 1991 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சுற்றுச்சூழலைப் பள்ளிகளில் கட்டாயப் பாடமாக்கச் சொன்னது. 2003 டிசம்பரில் அதையே மறுபடி சொல்ல வேண்டியிருந்தது! மாதிரிப் பாடத்திட்டம் தயாரிக்கும் வேலை என்.சி.இ.ஆர்.டி.க்குப் போச்சு.

சரி, 4.7-ஐ எப்படி அளக்கிறாங்க? மென்பொருள்காரனுக்கு முதல்ல வர்ற சந்தேகம் அதுதான். கல்விக் கொள்கை, பாடத்திட்டம், ஆசிரியர் பயிற்சி, மாணவர் மதிப்பீடு ஆகிய நான்கிலும் இது எவ்வளவு இடம்பெற்றிருக்குன்னு அரசுகளே பதில் எழுதி அனுப்பணும். உலகளாவிய குறியீடு அவ்வளவுதான். டெஸ்ட் கேஸ் எழுதியாச்சான்னு கேட்கிறாங்க. பாஸ் ஆச்சான்னு கேட்கல.

1937-ல் வார்தாவில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வி, கைத்தொழிலையும் ஊர்ச் சூழலையும் வைத்தே பாடம் நடத்தச் சொன்னது. அதை நாம் எப்பவோ மறந்தாச்சு.

சாம்பல் நிற அணில் உலகத்திலேயே தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டும்தான் இருக்கு. மரத்துக்கு மரம் தாவித்தான் அது போகும். அடிவாரத் தோப்புகளில் கிளைத் தொடர்ச்சி அறுந்தா அதன் வழியும் அறுந்துடும். நம்ம ஊர்த் தோப்பில் ஒரு மரத்தை வெட்டுறது எப்படி உலகத்தின் கணக்கில் சேருதுன்னு சொல்ல இதைவிட நல்ல பாடம் எங்கே கிடைக்கும்?

அடுத்த முறை ஊருக்குப் போறப்ப மகளைச் செண்பகத்தோப்புக்குக் கூட்டிட்டுப் போகணும். நானும் இன்னும் அந்த அணிலைப் பார்த்ததில்லை.