குற்றத்தை முன்னறிதல்: ஒரு பழைய ஆசையின் வரலாறு

குற்றம் நடந்த பின் குற்றவாளியைத் தேடுவது காவலர் தொழில். குற்றம் நடக்கும் முன்னரே, 'இன்னான் செய்வான்' என்று அறிந்துவிட வேண்டும் என்பது ஆட்சி செய்வோரின் நெடுநாளைய ஆசை. இன்று செயற்கை அறிவு என்னும் பெயரால் கணிப்பொறிகள் இவ்வேலையில் இறங்கியிருப்பதைக் காண்கிறோம். கருவி புதியது, ஆசை புதியதன்று. அதன் வரலாற்றைச் சிறிது ஆராய்வோம்.

இந்தியாவில் ஆங்கில அரசு 1871-ஆம் ஆண்டில் குற்றப் பரம்பரைச் சட்டத்தை இயற்றிற்று. வட இந்தியாவில் தொடங்கிய அச்சட்டம் 1911-இல் விரிவடைந்து சென்னை மாகாணத்திற்கும் வந்தது. குறிப்பிட்ட ஒரு கூட்டத்தில் பிறந்ததே, ஒருவன் குற்றம் செய்யக்கூடியவன் என்பதற்குச் சான்றாகக் கொள்ளப்பட்டது. பெயரைப் பதிந்தனர், கைரேகை எடுத்தனர், நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தினர். இப்பதிவை எதிர்த்து நின்ற மதுரை மாவட்டப் பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3-ஆம் நாள் போலீசார் சுட்டதில் பலர் மாண்டனர். சென்னை மாகாணத்தில் 1947-இலும், இந்தியா முழுவதும் 1952-இலும் அச்சட்டம் ஒழிந்தது.

அங்கே கணக்கு இல்லை. முன்முடிவு மட்டுமே இருந்தது. இத்துறைக்குக் கணக்கைக் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவர் சிகாகோ பல்கலைக்கழகச் சமூகவியல் பேராசிரியர் எர்னஸ்ட் பர்ஜெஸ். இல்லினாய்ஸ் மாநிலச் சிறைகளிலிருந்து, தண்டனைக் காலம் முடியுமுன் நிபந்தனையுடன் விடுவிக்கப்பட்ட 3,000 பேரின் பதிவுகளை ஆராய்ந்து, 1928-இல் அவர் ஓர் அட்டவணை வெளியிட்டார். வயது, செய்தொழில், மணவாழ்க்கை, முன்தண்டனை முதலிய 21 கூறுகளை எடுத்துக்கொண்டார். ஒவ்வொன்றிலும் சராசரியினும் நல்ல பிரிவில் இருப்பவனுக்கு ஒரு புள்ளி. 16 முதல் 21 புள்ளி வரை பெற்றவர்களில் நூற்றுக்கு 1.5 பேரே நிபந்தனையை மீறியிருந்தனர். 2 முதல் 4 புள்ளி வரை பெற்றவர்களிலோ நூற்றுக்கு 76 பேர் மீறியிருந்தனர். 1930-களில் இம்முறை இல்லினாய்ஸ் சிறைகளில் நடைமுறைக்கு வந்தது.

பர்ஜெசின் நோக்கம் தீயதன்று. அதிகாரிகளின் மனப்போக்கை நம்பாமல் அனுபவத்தின் எண்ணிக்கையை நம்பலாம் என்பதே அவர் கருத்து. ஆயினும் அந்த 21 கூறுகளுள் தந்தையின் இனமரபும் ஒன்று. மற்றொரு கூற்றில் 'நாடோடி', 'குடியன்' என்பவற்றோடு 'அண்மையில் குடியேறியவன்' என்பதும் ஒரு வகை. கப்பலேறி இந்நாட்டுக்கு வந்தவர்களின் வழித்தோன்றல்களாகிய நாம் இச்சொல்லைச் சற்று நின்று படித்தல் வேண்டும்.

பர்ஜெசின் அட்டவணை வழியில் பின்னாளில் கணிப்பொறி வந்தது. அமெரிக்க நிறுவனமொன்று 1998-இல் ஆக்கிய 'காம்பாஸ்' என்னும் முறையில் 137 வினாக்கள் உள. இனம் கேட்கப்படுவதில்லை, பெற்றோர் சிறை சென்றதுண்டா, நண்பர்கள் போதைப்பொருள் உண்பவரா என்பன கேட்கப்படும். புளோரிடா மாநிலத்தின் பிரவர்டு மாவட்டத்தில் இம்முறையால் மதிப்பிடப்பட்ட 7,000-க்கு மேற்பட்டோரின் பதிவுகளைப் 'புரோபப்ளிக்கா' என்னும் செய்தி நிறுவனம் 2016-இல் ஆராய்ந்தது. மீண்டும் குற்றம் செய்யாத கறுப்பினத்தாரில் நூற்றுக்கு 44.9 பேரும், வெள்ளையரில் 23.5 பேரும் அபாயம் மிகுந்தோர் எனத் தவறாகக் குறிக்கப்பட்டிருந்தனர். ஒரே மதிப்பெண் பெற்ற இரு இனத்தாரும் ஏறத்தாழ ஒரே அளவில் மீண்டும் குற்றம் செய்கின்றனர் என்று நிறுவனம் மறுமொழி கூறிற்று. இரண்டும் உண்மையாயிருக்கக் கூடும். பதிவேட்டில் இரு கூட்டத்தாரின் குற்ற விகிதம் வேறுபட்டிருக்கும்போது, இவ்விரு வகை நேர்மையும் ஒருங்கே அமையா என்று ஆய்வாளர் அவ்வாண்டிலேயே கணித முறையால் காட்டினர்.

அப்பதிவேடு எப்படி உண்டாகிறது? அது கைதானவர்களின் பதிவு. குற்றங்களின் முழுப் பதிவன்று. இதனை விளக்க என் தவறொன்றைச் சொல்லுகிறேன். பயிற்சிக் கல்லூரியை விட்டு வந்த புதிதில், ஒரு தோட்டப் பள்ளியில், முந்திய ஆசிரியர் ஒரு சிறுவனைப் பற்றிக் 'கை நீளம்' என்று எழுதிவைத்த குறிப்பைப் படித்துவிட்டே வகுப்புக்குச் சென்றேன். ஒருநாள் பென்சில் பெட்டி ஒன்று காணாமற் போயிற்று. முதலில் அவன் பையைத்தான் திறந்தேன். பெட்டி என் மேசைக்கடியில் கிடந்தது. மற்ற முப்பது பைகளை நான் ஒருநாளும் திறந்ததில்லை. ஆகவே அவற்றில் என்ன இருந்ததென்பது எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. போலீசார் ஒரே தெருவில் திரும்பத் திரும்பச் சுற்றினால், அத்தெருவின் பதிவே வளரும். பொறி அதனையே மீண்டும் சுட்டும். 2011-இல் குற்றம் நிகழும் இடத்தை முன்கணிக்கும் முறையைச் சோதித்த கலிபோர்னியாவின் சாந்தா குரூஸ் நகரமே, 2020-இல் அதனைத் தடை செய்தது.

விஸ்கான்சின் உச்ச நீதிமன்றம் 2016-இல் ஒரு வழக்கில், பொறியின் மதிப்பெண்ணை நீதிபதி பார்க்கலாம். அதுவே தீர்ப்பைத் தீர்மானித்தல் ஆகாது என்று கூறிற்று. மதிப்பெண் போடும் முறையோ வணிக இரகசியமாகவே இருந்தது.

நம் நாட்டிலும் இது வந்துவிட்டது. 2020 பிப்ரவரியில் கோத்தா கினபாலு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில், போதைப்பொருள் வழக்கொன்றில் தண்டனை அளவைப் பரிந்துரைக்கச் செயற்கை அறிவு பயன்படுத்தப்பட்டது. ஒரே குற்றத்திற்கு நீதிமன்றத்துக்கு நீதிமன்றம் தண்டனை வேறுபடுவதைக் குறைப்பது அதன் நோக்கம். பரிந்துரையை ஏற்பதும் விடுவதும் நீதிபதியைப் பொறுத்தவை. வழக்கறிஞர்கள் ஆட்சேபமும் எழுப்பினர்.

நோக்கம் நன்று, ஆட்சேபமும் வேண்டியதே. எந்தக் கணக்கால் தனக்குத் தண்டனை வந்தது என்று கேட்கவும், அது தவறென்று காட்டவும் குற்றஞ்சாட்டப்பட்டவனுக்கு வழியிருத்தல் வேண்டும். அன்று அச்சிறுவன் என்னை ஒன்றும் கேட்கவில்லை. பையை மூடிக்கொண்டு தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான். மாலையில் அக்குறிப்பைப் பதிவேட்டிலிருந்து அடித்தேன். அதை எழுதியவர் கையும், அடித்தவன் கையும் இன்னவை என்று எனக்குத் தெரிந்திருந்தது. பொறியின் பதிவேட்டிலும் அவை தெரிதல் வேண்டும்.